ட்ராம் விழுந்த வாரத்தில் அந்தத் தெருவில் என்னதான் நடந்தது?

கேள்வி இதுதான்: பிரிட்டனின் கொரோனேஷன் ஸ்ட்ரீட் தொடரில் 50-வது ஆண்டு வாரம் என்று ஒன்றை இன்னமும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்களே, பாலத்திலிருந்து ஒரு ட்ராம் விழுந்ததைத் தவிர அதில் அப்படி என்ன இருக்கிறது? அத்தனை வருஷத்து முன்கதை தெரியாமல் பார்த்தால் ஏதாவது புரியுமா?

இரண்டாவது கேள்விக்கு முதலில். புரியும். நாலைந்து வீட்டு விவகாரம் தெரிந்தால் போதும், அதைக் கீழே சொல்லிவிடுகிறேன். முதல் கேள்விக்கு என் பதில் கொஞ்சம் நீளம். சுருக்கமாகச் சொன்னால், அந்த வாரத்தில் ட்ராம் ஒரு சாக்கு. மாதக்கணக்கில் மென்று முழுங்கிக்கொண்டிருந்த விஷயங்களை வெளியே இழுத்துப் போட எழுத்தாளர்களுக்கு ஒரு பெரிய இடி தேவைப்பட்டது, அதைத் தலைக்கு மேலே இருந்து இறக்கினார்கள். விளம்பரத்தில் எல்லாம் ட்ராமும் தீயும்தான் வந்தன. ஆனால் பார்த்தவர்கள் இன்றைக்கும் பேசுவது, இடிந்த கடைக்குள் இரண்டு பெண்கள் பேசிக்கொள்ளும் ஒரு காட்சியைத்தான்.

தெருவைப் பற்றித் தெரியாதவர்களுக்காக. கொரோனேஷன் ஸ்ட்ரீட் பிரிட்டனின் ஐடிவி சேனலில் வருகிற தொடர், ஆரம்பித்துத் தயாரித்தது மான்செஸ்டரின் கிரனடா நிறுவனம். 1960 டிசம்பர் 9 அன்று முதல் எபிசோட். எழுதிய டோனி வாரனுக்கு அப்போது வயது 24. கதை நடக்கும் வெதர்ஃபீல்ட் கற்பனை ஊர், ஆனால் பக்கத்திலுள்ள சால்ஃபோர்டின் ஒட்டு வீடுகளையும் கல் பாவிய தெருக்களையும் பார்த்து உருவாக்கியது. ஒரு முனையில் ரோவர்ஸ் ரிட்டர்ன் என்கிற பப், இன்னொரு முனையில் முக்குக் கடை, நடுவில் வரிசையாக ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்ளும் வீடுகள். எதிர்ப்பக்கம் ஒரு துணி தைக்கும் ஃபேக்டரி, கார் ஒர்க்‌ஷாப் எல்லாம் பிற்பாடு வந்தவை. பின்னால் ரயில் பாலம். அவ்வளவுதான் உலகம். யார் வீட்டில் யார் கதவைச் சாத்தினாலும் அடுத்த வீட்டுக்குக் கேட்கும்.

முதல் எபிசோட் தொடங்குவதே அந்த முக்குக் கடையில்தான். கடையை விற்றுவிட்டுப் போகிற பெண்மணி, புதிதாக வாங்கியவரிடம் எந்த வாடிக்கையாளருக்குக் கடன் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்று பாடம் எடுத்துக்கொண்டிருப்பார். அப்புறம் எனா ஷார்ப்பிள்ஸ் என்கிற, தலையில் வலை கட்டிய பாட்டி உள்ளே நுழைந்து, கேக் கேட்டுக்கொண்டே புதுக் கடைக்காரியின் ஜாதகத்தையே விசாரித்துவிடுவார். தொடரின் மொத்த இலக்கணமும் அந்தக் காட்சியிலேயே இருக்கிறது: கடைக்குப் போவது சாமான் வாங்க இல்லை, சேதி வாங்க. ஐம்பது வருஷம் கழித்து ட்ராம் வந்து விழுந்தது இதே கடையின் மீது என்பது தற்செயல் இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

சரி, 2010 டிசம்பர் 6, திங்கட்கிழமை. அந்தக் காலத்தில் வழக்கமாகத் திங்கள், வியாழன், வெள்ளி என்று வந்துகொண்டிருந்த தொடரை அந்த வாரம் மட்டும் திங்கள் முதல் வெள்ளி வரை விடாமல் போட்டார்கள். வியாழன் டிசம்பர் 9, சரியாக 50-வது பிறந்த நாள், ஒரு மணி நேரம் நேரலை. கதை இப்படி: பாலத்தின் வளைவுக்குக் கீழே தி ஜாய்னரி என்று புதிதாகத் திறந்திருக்கும் மது விடுதியில் கேஸ் வெடிக்கிறது. பாலம் இடிகிறது. மேலே வந்துகொண்டிருந்த ட்ராம் தடம் விலகி, தெருவுக்குள் பாய்ந்து, முக்குக் கடையையும் பக்கத்தில் ரீட்டா நடத்தும் பேப்பர் கடையையும் உடைத்துக்கொண்டு நிற்கிறது. திங்கட்கிழமை எபிசோட் அதோடு முடிந்தது.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். ட்ராம் விழும்போது யார் எங்கே நிற்கிறார்கள் என்பதுதான் திங்கட்கிழமை எபிசோடின் வேலையே. அதற்காக மாதக்கணக்கில் காய் நகர்த்தியிருந்தார்கள். சும்மா பார்த்தால் ஒரு பேச்சிலர் பார்ட்டி, ஒரு சண்டை, ஒரு பெட்டி கட்டுதல் என்று சாதாரணமாகப் போகும். ஆனால் ஒவ்வொருவரும் இருக்கக் கூடாத இடத்தில், சொல்லக் கூடாத ஒன்றைச் சொல்லப் போகிற நேரத்தில் மாட்டிக்கொள்கிறார்கள்.

முதலில் வெப்ஸ்டர் வீடும் டாப்ஸ் வீடும். எனக்கு அந்த வாரம் என்றால் இதுதான்.

13-ஆம் நம்பர் வீட்டில் கெவின், சாலி வெப்ஸ்டர். கெவின் தெருவுக்கு வந்தது 1983-இல், சாலி 1986-இல். கல்யாணம், விவாகரத்து, மறுபடி கல்யாணம் எல்லாம் அதே ஆளோடு பார்த்துவிட்ட ஜோடி, வளர்ந்த இரண்டு மகள்கள். ஒரு வீடு தள்ளி 9-ஆம் நம்பரில் டைரோன் டாப்ஸ். கெவினின் ஒர்க்‌ஷாப்பில் பையனாகச் சேர்ந்து, பிற்பாடு பங்காளியானவன். கெவினை அண்ணன் மாதிரி நம்புகிறவன், மனதில் கள்ளம் கிடையாது. அவன் மனைவி மோலி, முக்குக் கடையில் வேலை பார்க்கிறவள். 2009-இல் ஒரு நிதி திரட்டும் ஓட்டப் பந்தயத்துக்காகக் கெவினும் மோலியும் சேர்ந்து ஓடிப் பழகினார்கள், அது எங்கே போய் முடியும் என்பது தெருவைத் தவிர டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் தெரிந்தது. கிறிஸ்துமஸ் அன்று கெவின், சாலியை விட்டுவிட்டு மோலியோடு போவதாகச் சொல்லத் தயாராகி நிற்கிறான். அவன் வாயைத் திறக்கும் முன் சாலி முந்திக்கொள்கிறாள்: தனக்கு மார்பகப் புற்றுநோய். அதோடு கெவின் வாயை மூடிக்கொண்டான். மோலியைக் கழற்றிவிட்டு, நல்ல கணவனாக மருத்துவமனைக்குக் கூடப் போனான்.

(சாலியாக நடித்த சாலி டைனவருக்கு இந்தக் கதை ஓடிக்கொண்டிருந்த சமயத்திலேயே நிஜமாகவே மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. கதைதான் தன்னைப் பரிசோதனைக்குப் போக வைத்தது என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். சிகிச்சைக்காகச் சில மாதம் விலகி, 2010-லேயே திரும்பி வந்தார். அடுத்து நான் சொல்லப்போகும் காட்சியை நேரலையில் நடித்தது அவர்தான்.)

2010-இல் மோலிக்கு ஆண் குழந்தை பிறக்கிறது. 9-ஆம் நம்பரில் அவர்களோடே வாழ்ந்த ஜாக் டக்வொர்த் தாத்தாவின் பெயரையே குழந்தைக்கு வைக்கிறார்கள். டைரோனுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். குழந்தை யாருடையது என்று மோலிக்குத் தெரியும், கெவினுக்கும் தெரியும். சாலி மட்டும் பக்கத்து வீட்டு நல்ல மனுஷியாக அடிக்கடி வந்து கொஞ்சிவிட்டுப் போகிறாள். அந்தக் காட்சிகளைப் பார்ப்பவருக்கு உட்கார முடியாது. நவம்பரில் ஜாக் தாத்தா இறந்துபோகிறார். அந்த வீட்டில் பெரியவர் என்று இருந்த ஒரே ஆளும் போயாயிற்று.

டிசம்பர் 6 அன்று மோலிக்கு இதற்கு மேல் தாங்கவில்லை. ஜாக் உன் பிள்ளை இல்லை என்று டைரோனிடம் சொல்லிவிடுகிறாள், ஆனால் யாருடையது என்று சொல்லவில்லை. பெட்டியைக் கட்டி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவள், ஊரைவிட்டுப் போகும் முன் முக்குக் கடைக்குள் நுழைகிறாள். நேராகப் போயிருந்தால் தப்பித்திருப்பாள்.

ட்ராம் விழுகிறது. குழந்தையை உயிரோடு மீட்டுவிடுகிறார்கள். மோலி மாட்டிக்கொள்கிறாள். இதில் கெவினின் நிலையை யோசித்துப் பாருங்கள். அவன் பிள்ளையும் பிள்ளையின் தாயும் இடிபாட்டுக்குள், பக்கத்தில் நிற்பது அவன் மனைவி, எதிரே அழுதுகொண்டிருப்பது டைரோன். அக்கம்பக்கத்துக்காரன் காட்டக்கூடிய அளவுக்கு மேல் அவனால் ஒரு துளி பதற்றம்கூடக் காட்ட முடியாது. திருடனுக்குத் தேள் கொட்டிய கதை. கெவினாக நடித்த மைக்கேல் லெவெல் அதிகம் பேசாமல், முகத்தை வைத்தே இந்தப் பகுதியை ஒப்பேற்றுகிறார், நன்றாகவே.

அப்புறம்தான் அந்தக் காட்சி. வியாழக்கிழமை, நேரலை. இடிந்த கடைக்குள் மோலியைக் கண்டுபிடித்துப் பக்கத்தில் போய் உட்காருகிறவள் சாலி. உதவி வரும் வரை ஆறுதல் சொல்லலாம் என்று கையைப் பிடித்துக்கொள்கிறாள். தான் பிழைக்கப் போவதில்லை என்று மோலிக்குத் தெரிந்துவிட்டது. குழந்தையின் அப்பா யார் என்பதை யாரிடமாவது சொல்லிவிட்டுப் போக வேண்டும். சொல்ல அங்கே இருப்பதோ, யாரிடம் சொல்லவே கூடாதோ அந்த ஆள் மட்டும்தான். சொல்லிவிடுகிறாள். சாலியின் முகத்தில் முதலில் வருவது கோபம்கூட இல்லை, கணக்கு. எந்த மாதம், எந்தக் கிறிஸ்துமஸ், அப்போது நான் எங்கே இருந்தேன் என்கிற கணக்கு. அது முடிந்து கோபம் வந்து சேரும்போது எதிரில் இருக்கிறவள் செத்துக்கொண்டிருக்கிறாள். செத்துக்கொண்டிருப்பவளை எப்படித் திட்டுவது? கையை உதறவும் முடியவில்லை, பிடித்துக்கொண்டிருக்கவும் முடியவில்லை. மோலி அங்கேயே இறந்துபோகிறாள். வெளியே வரும் சாலியை எல்லோரும் துக்கத்தில் இருக்கிறாள் என்று நினைத்து ஆறுதல் சொல்கிறார்கள்.

இந்தக் காட்சிக்கு ட்ராம் எதற்கு? இரண்டு பெண்களையும் வேறு யாரும் நுழைய முடியாத ஒரு மூலையில், ஓடிப்போக முடியாதபடி, பொய் சொல்ல நேரமில்லாதபடி உட்கார வைப்பதற்கு. அதைத் தவிர அதற்கு ஒரு வேலையும் இல்லை.

அடுத்து தி ஜாய்னரி. அன்றைக்கு அங்கே பீட்டர் பார்லோவின் பேச்சிலர் பார்ட்டி. பீட்டர், 1960-ஆம் வருஷம் முதல் எபிசோடிலிருந்தே தொடரில் இருக்கும் கென் பார்லோவின் மகன், குடிப்பழக்கத்தோடு போராடுகிறவன். கட்டிக்கொள்ளப் போவது லியானை. விடுதியை நடத்துகிற நிக் டில்ஸ்லி, லியானின் முன்னாள் கணவன். அவர்களுக்குள் பழைய நெருப்பு மறுபடி பற்றிக்கொண்டிருப்பது பீட்டருக்குத் தெரியாது. மூன்றாவது ஆள் ஆஷ்லி பீகாக், தெருவின் கசாப்புக்கடைக்காரர், கீச்சுக் குரல், இரண்டு சின்னப் பையன்களின் அப்பா, யார் வம்புக்கும் போகாதவர். வெடிப்புக்குப் பிறகு மூவரும் உள்ளே. பீட்டருக்குப் பலத்த அடி. கூரை இறங்கிக்கொண்டே இருக்கிறது.

எழுத்தாளர் இங்கே ஒரு சுலபமான வழியை விட்டு விலகியிருக்கிறார். பீட்டர் செத்தால் நிக்குக்கு லாபம், ஆகவே நிக் கைவிடுவானா மாட்டானா என்று இழுத்திருக்கலாம். அதற்குப் பதிலாக, இந்த முக்கோணத்தில் எந்தச் சம்பந்தமும் இல்லாத ஆஷ்லி கூரையைத் தாங்கிக்கொண்டு நிற்கிறார், நிக் பீட்டரை இழுத்துக்கொண்டு வெளியேறுகிறான், கூரை ஆஷ்லி மேல் விழுகிறது. 15 வருஷமாகத் தெருவில் இருந்த, சிரிப்புக்கென்றே வைத்திருந்த ஒரு பாத்திரம். ஒரே பெண்ணைச் சுற்றி நிற்கும் இரண்டு பேர் பிழைத்துக்கொள்ள, தன் வீடு உண்டு தன் கடை உண்டு என்று இருந்தவர் போய்ச் சேர்கிறார். அவர் மனைவி கிளேர் பிற்பாடு பிள்ளைகளோடு பிரான்ஸுக்குப் போய்விடுகிறாள்.

பீட்டர் ஆஸ்பத்திரியில், பிழைப்பானா என்று தெரியாது. கட்டிலில் படுத்தபடியே லியானுக்குத் தாலி கட்டாத குறையாகக் கல்யாணம் நடக்கிறது, இதுவும் நேரலை எபிசோடில். முடிந்த கையோடு அவன் இதயம் நின்றுபோக, டாக்டர்கள் மீட்கிறார்கள். இது எனக்குக் கொஞ்சம் ஓவராகத்தான் பட்டது. ஆனால் லியானாக நடித்த ஜேன் டான்சனைக் கவனியுங்கள்: மனசு எங்கேயோ இருக்க, சரி என்று தலையாட்டுகிற ஒரு பெண். சாகப் போகிறவனிடம் எப்படி மாட்டேன் என்பது என்று சிக்கிக்கொண்டவள், அவன் பிழைத்ததும் இன்னும் ஆழமாகச் சிக்கிக்கொள்கிறாள். அடுத்த வருஷம் இது நாறுகிற விதமே தனிக் கதை.

மூன்றாவது ஜான் ஸ்டேப். இந்த ஆள் கதை நம்பவே முடியாத ரகம். முன்பே ஒரு பெண்ணைக் கடத்தி அடைத்து வைத்து ஜெயிலுக்குப் போய் வந்தவன், ஆசிரியர் வேலைக்கு ஆசைப்பட்டு, காலின் ஃபிஷ்விக் என்கிற பழைய சகாவின் பெயரில் பள்ளியில் சேர்கிறான். காலின் இதைக் கேட்க வந்த இடத்தில் மயங்கி விழுந்து செத்துப்போக, உடலை ஃபேக்டரித் தரைக்கு அடியில் புதைத்து கான்கிரீட் போட்டாயிற்று. இதற்கெல்லாம் சாட்சியாக இருந்த ஷார்லட் என்கிற சக ஆசிரியை அவனை விடாமல் துரத்துகிறாள், மிரட்டுகிறாள். திங்கட்கிழமை அவன் வீட்டிலேயே வந்து, மனைவி ஃபிஸ்ஸிடம் எல்லாவற்றையும் சொல்லப்போவதாக நிற்கிறாள். ஜான் சுத்தியலை எடுத்து அடித்துவிடுகிறான். அதே நேரம் வெளியே ட்ராம் விழுகிறது.

கொலைகாரனுக்கு வானத்திலிருந்து வந்து விழுந்த அலிபி. ஷார்லட்டைத் தூக்கிக்கொண்டு போய்த் தெருவின் இடிபாட்டில் போட்டுவிடுகிறான், விபத்தில் அடிபட்டவர்களோடு ஒருத்தியாக. ஆனால் அவள் உடனே சாகவில்லை, ஆஸ்பத்திரியில் மெஷினில் வைத்திருக்கிறார்கள். அவளைப் பெற்றவர்கள் வந்து, இவன்தான் மகள் சொன்ன காலின், மகளுக்கு நிச்சயமானவன் என்று நினைத்துக் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். மெஷினை நிறுத்தலாமா என்கிற முடிவில் இவனையும் சேர்த்துக்கொள்கிறார்கள். அதே கட்டிடத்தில் இவன் மனைவிக்குக் குறை மாதத்தில் பெண் குழந்தை பிறக்கிறது, பெயர் ஹோப். ஒரு வார்டில் நிச்சயிக்கப்பட்டவனாகவும் இன்னொரு வார்டில் அப்பாவாகவும் ஜான் மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறான். ஜானாக நடித்த கிரஹாம் ஹாலி இதைக் கிட்டத்தட்டக் கேலிக்கூத்தாக நடிக்கிறார், அதனால்தான் வயிற்றைக் கலக்குகிறது.

பெக்கி விஷயம் சின்னது, ஆனால் விட மனமில்லை. ரோவர்ஸ் பப்பை நடத்துகிற ஸ்டீவின் மனைவி பெக்கிக்குக் குழந்தை தங்கவில்லை. அவள் தங்கை கைலி, தன் பையன் மேக்ஸை விட்டுக்கொடுக்கப் பணம் கேட்கிறாள், அப்பட்டமாகச் சொன்னால் விற்கிறாள். முக்குக் கடை இடிந்து கிடக்கிறது, கடைக்காரர் தேவின் மனைவி சுனிதா உள்ளே மாட்டியிருந்தவள். அந்த அமளியில் பெக்கி கடைப் பணத்தை எடுத்துவிடுகிறாள். எரிகிற வீட்டில் பிடுங்கின வரைக்கும் லாபம் என்பார்களே, அதுவேதான், ஆனால் எடுத்தது தின்பதற்கோ ஆடுவதற்கோ இல்லை, ஒரு பையனைத் தன்னிடமே வைத்துக்கொள்ள. தீயணைப்புக்காரர்களும் அக்கம்பக்கமும் செங்கல் செங்கலாக அள்ளிக்கொண்டிருக்கும்போது இப்படி ஒன்றைச் செய்ய வைத்த எழுத்தைத்தான் நான் மெச்சுவேன். பேரிடர் வந்ததும் எல்லோரையும் புனிதர்களாக்கிவிடுகிற வழக்கம் இவர்களிடம் இல்லை.

பேப்பர் கடை ரீட்டாவையும் இடிபாட்டிலிருந்து உயிரோடு மீட்டார்கள். 1972-இலிருந்து நிரந்தரமாகத் தெருவில் இருப்பவரைக் கொன்றிருந்தால் நாட்டில் கலகமே வந்திருக்கும்.

இப்போது நேரலை பற்றி. நேரலை என்றதும் ட்ராமையே நேரலையில் கவிழ்த்தார்கள் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வெடிப்பும் ட்ராம் விழுவதும் முன்பே படம்பிடித்து, கணினி வேலை சேர்த்துத் திங்கட்கிழமை காட்டியவை. வியாழக்கிழமை நேரலையில் இருந்தது அதன் மறுபாதி: இடிபாடு, ஆஸ்பத்திரி, பேச்சு, அழுகை. ஜானதன் ஹார்வி எழுதி, டோனி பிரெஸ்காட் இயக்கியது. தயாரிப்பாளர் ஃபில் காலின்சன், டாக்டர் ஹூ தொடரிலிருந்து வந்தவர். மான்செஸ்டர் நடுவில், கீ ஸ்ட்ரீட்டில் இருந்த பழைய வெளிப்புற செட்டில் நடந்தது. அந்த டிசம்பர் பிரிட்டனில் நூறு வருஷத்தில் இல்லாத குளிர். அந்தக் குளிரில் திறந்தவெளியில், ஒரு மணி நேரத்துக்கு, வசனம் தடுமாறினால் திருப்பி எடுக்க வழியில்லாமல் நடிக்க வேண்டும். சுமார் 1 கோடியே 40 லட்சம் பேர் பார்த்தார்கள்.

தொடருக்கு நேரலை புதிதும் இல்லை. ஆரம்பத்தில் வெள்ளிக்கிழமை எபிசோட் நேரலையாகப் போகும், அது முடிந்ததும் அடுத்த எபிசோடை அப்படியே நடித்துப் பதிவு செய்து திங்கட்கிழமை போடுவார்கள். 40-வது ஆண்டுக்கு, 2000 டிசம்பரிலும் ஒரு நேரலை செய்தார்கள், அதில் அன்றைய இளவரசர் சார்லஸே வந்து தலை காட்டினார். 2010-இல் இதைவிட அழுத்தமான காரணமும் இருந்தது: அதே வருஷம் பிப்ரவரி 19 அன்று போட்டித் தொடரான பிபிசியின் ஈஸ்ட்எண்டர்ஸ் தன் 25-வது ஆண்டுக்கு நேரலை எபிசோட் போட்டு, ஆர்ச்சியைக் கொன்றது யார் என்று அவிழ்த்து, பிராட்லியைப் பப்பின் கூரையிலிருந்து விழ வைத்து நாட்டையே பேச வைத்திருந்தது. ஐடிவி சும்மா இருக்க முடியாது. நேரலையில் என்ன ஆபத்து என்பதற்கும் ஈஸ்ட்எண்டர்ஸே உதாரணம். 2015-இல் 30-வது ஆண்டு வாரத்தில் டான்யாவாக நடித்த ஜோ ஜாய்னர், ஜேனிடம் இயன் எப்படி இருக்கிறான் என்று கேட்பதற்குப் பதில், அந்த நடிகரின் நிஜப் பெயரான ஆடமைச் சொல்லி, ஆடம் எப்படி இருக்கிறான் என்று கேட்டுவிட்டார். இயனின் மகளைக் கொன்றது யார் என்கிற பத்து மாத மர்மத்தின் உச்சக்கட்ட வாரத்தில், மறுநாள் எல்லோரும் பேசியது அதைத்தான்.

இன்னொரு விஷயம், படம் மாதிரி ரத்தக் களறியை எதிர்பார்த்து ஏமாறாதீர்கள். பிரிட்டனில் இரவு 9 மணிக்கு முன் வருகிற நிகழ்ச்சிகள் பிள்ளைகளும் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது விதி. சோப் என்று அவர்கள் சொல்கிற இந்த மாதிரி நெடுந்தொடர்கள் எல்லாம் அதற்கு முன்பே வருபவை. ஆகவே சுத்தியல் ஓங்கும், விழுவதைக் காட்ட மாட்டார்கள். இந்தக் கட்டுப்பாடு எழுத்துக்கு நல்லதையே செய்திருக்கிறது, உடம்பைக் காட்ட முடியாததால் முகத்தைக் காட்டுகிறார்கள்.

இந்த மாதிரிப் பெருவிபத்து வாரம் சோப்களில் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. ஆரம்பித்து வைத்தது எம்மர்டேல் என்கிற இன்னொரு தொடர் என்று சொல்லலாம்: 1993 டிசம்பர் 30 அன்று கிராமத்தின் மேல் விமானத்தை விழ வைத்தார்கள். லாக்கர்பி விமானக் குண்டுவெடிப்பு நடந்து ஐந்து வருஷம்தான் ஆகியிருந்தது, அதனால் கண்டனமும் வந்தது, கூட்டமும் வந்தது. தொடர் பிழைத்துக்கொண்டதே அதற்கப்புறம்தான். கொரோனேஷன் ஸ்ட்ரீட்டிலேயே 1967-இல் இதே ரயில் பாலத்திலிருந்து ஒரு ரயில் தெருவில் விழுந்தது, எனா ஷார்ப்பிள்ஸ் பாட்டியை இடிபாட்டிலிருந்து தோண்டி எடுத்தார்கள். 2010 வாரம் அதற்கும் ஒரு கும்பிடு போட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் விபத்து இல்லாமலேயே இந்தத் தெரு நாட்டை நிறுத்தியிருக்கிறது. 1983 பிப்ரவரியில் டெய்ட்ரி, கணவன் கென்னை விட்டு மைக் பால்ட்வினோடு போவாளா என்பதுதான் கதை. ஒரு வீட்டு வாசல், ஒரு கதவு, மூன்று பேர், அவ்வளவே. அவள் போகவில்லை என்று தெரிந்த இரவு மான்செஸ்டர் யுனைடெட், ஆர்சனல் ஆட்டம் நடந்துகொண்டிருந்த ஓல்ட் டிராஃபோர்ட் மைதானத்தின் ஸ்கோர்போர்டில் கென்னும் டெய்ட்ரியும் மறுபடி சேர்ந்துவிட்டார்கள் என்று போட்டார்கள். அதனால்தான் ட்ராமை அவ்வளவு மெச்ச வேண்டாம் என்கிறேன். அது இல்லாமலும் இவர்களுக்கு எழுதத் தெரியும்.

பார்க்க நினைத்தால் வியாழக்கிழமை நேரலையிலிருந்து ஆரம்பிக்காதீர்கள், பலர் செய்வது அதுதான். திங்கட்கிழமையிலிருந்து வரிசையாகப் பாருங்கள், மோலி பெட்டி கட்டுகிற இடத்தில் ஃபோனைக் கீழே வையுங்கள். பெயர்கள் குழம்பினால் நான்கு பேரை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: கெவின், சாலி, டைரோன், மோலி. மற்றவர்கள் தானாகப் புரிவார்கள். வெள்ளிக்கிழமையோடு நிறுத்தவும் வேண்டாம். சாலியிடம் போய்ச் சேர்ந்த ரகசியம் எப்படி டைரோனிடம் போகிறது என்பது அதற்கு அப்புறம் வருவது. அந்த வாரம் வைத்த கணக்குகளை வருஷக்கணக்கில் தீர்த்தார்கள்: கெவின், சாலி கல்யாணம் உடைந்தது, ஷார்லட் கொலைக்காக ஒன்றும் செய்யாத ஃபிஸ் ஜெயிலுக்குப் போனாள், 2011-இல் ஜான் சாகும் தறுவாயில் உண்மையைச் சொன்ன பிறகே வெளியே வந்தாள். குழந்தை ஜாக் கெவினிடமே வளர்ந்தான். மோலியையும் தன் பிள்ளை என்று நினைத்தவனையும் இழந்த டைரோன், பிற்பாடு ஃபிஸ்ஸோடு சேர்ந்து, அந்த வாரம் ஜான் ஸ்டேப்புக்குப் பிறந்த ஹோப்பை மகளாக வளர்த்தான். ஹோப் பெரியவளாகி, தன்னைப் பெற்றவன் யார், என்ன செய்தவன் என்று தெரிந்துகொள்ளும் கதை பத்து வருஷம் கழித்து வந்தது, அது இன்னொரு நீளமான பதிலுக்கு ஆகும்.